எலும்பைத் தொட்டு வந்தவை

ஜனவரி. ஒன்பது மணிக்கும் சன்னல் கருநீலம்.
குவோப்பியோ நகரத்து ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில்
ஹில்க்கா பாசோனென்
ஒரு கோடி ஒளித்துகள்களை
ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுகிறாள்.

திரையில் இரண்டே அடுக்கு.
மேலே குருத்தெலும்பு, ஒன்றரை மில்லிமீட்டர்.
கீழே எலும்பு.
நிஜத்தில் அது கார்னா என்ற பந்தயக் குதிரையின் முழங்கால்,
மூன்று வருடமாக உறைபெட்டியில்,
எண் பதினேழு.

அடுத்த மோதல் எவ்வளவு தூரத்தில்,
அங்கிருந்து எந்தப் பக்கம்:
இரண்டுக்கும் பகடை உருட்டுகிறது கணினி.
ஒவ்வொரு மோதலிலும் துகளின் எடை கொஞ்சம் குறைகிறது,
சாவடிக்குச் சாவடி காசிழக்கும்
லாரிக்காரனின் சட்டைப்பை மாதிரி.
எடை ஒன்றுமில்லாமல் தேய்ந்த பிறகு
இருக்கவா போகவா என்று
அதற்கும் ஒரு பகடை.

பெரும்பாலானவை திரும்புவதில்லை.
திரும்புகிறவற்றை அவள் வாசலில் நிறுத்திக் கேட்கிறாள்:
எவ்வளவு ஆழம் போனாய்?
எலும்பைத் தொட்டாயா?

நிஜ ஒளியிடம் இதைக் கேட்க முடியாது.
அது வரும், மின்னும், வளைகோடாகும்,
போன இடம் சொல்லாது.
அதனால்தான் இந்தப் பொய்த் துகள்கள்:
பொய்யென்றாலும் வந்த வழி மறக்காதவை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரி,
அந்தச் சோறு பானையின் எந்த அடுக்கிலிருந்து வந்தது?

ஆயிரத்து நானூற்றைம்பது நானோமீட்டரில்
குருத்தெலும்பின் தண்ணீரே எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது.
எலும்பு வரை போனது என்று சொல்ல ஆளில்லை.
எண்ணூற்றைம்பதில் வேறு கதை:
திரும்பிய நூறில் நாற்பத்து மூன்று
எலும்புக்குள் நுழைந்து வந்தவை.

நாற்பத்து மூன்று.
அவள் மறுபடி ஓட்டினாள்.
விதை எண்ணை மாற்றி மறுபடி.
நாற்பத்து மூன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

காப்பி ஆறிப் போனது.
மூன்று வருடம் முன்பு அதே அலைநீளத்தை நம்பி
குருத்தெலும்பு நைந்துவிட்டது என்று எழுதியவள் அவள்தான்.
இயிசல்மியிலிருந்து உரிமையாளர் அஹ்தி கெர்வினென்
காரணம் கேட்டபோது
இருக்கலாம், அதிகம் ஓட்டியிருக்கலாம் என்று
வாய்தவறிச் சொன்னதும்.
அந்த மனிதர் அதன்பிறகு குதிரை வாங்கவில்லை.

மேலே நின்று பேசியது குருத்தெலும்பு என்று நினைத்தோம்.
பேச்சில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு
கீழிருந்து வந்த குரல்.

போன் எடுத்தார். காற்று இரைந்தது.
ஏரிமேல் இருக்கிறேன், மீன் கடிக்கவில்லை, சொல்லுங்கள்.
சொன்னாள்.
எண்ணூற்றைம்பது, நாற்பத்து மூன்று, இரண்டு அடுக்கு.
அவர் குறுக்கே பேசவில்லை. அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

அப்படியென்றால் எலும்பில் முன்பே கோளாறா?
இருக்கலாம். அதை இந்தக் கணக்கு சொல்லாது.
ஒளி எங்கே போய் வந்தது என்பதைத்தான் சொல்லும்.
நான் ஓட்டியதாலா?
அதையும் சொல்லாது. அன்றைக்கு நான் சொன்னதும்
எனக்குத் தெரிந்து சொன்னதல்ல.

நீண்ட நேரம் காற்று மட்டும்.

மேலே வெள்ளைப் பனி, கீழே கருப்புப் பனி, என்றார் பிறகு.
நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாய்த்தான் தெரியும்.
வெள்ளை பாதிப் பாரமே தாங்கும்.
என் மைத்துனன் நிறத்தைப் பார்த்து நடப்பான்.
நான் துளை போடுவேன்.

அந்த மூட்டு இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?
இருக்கிறது.
வெட்டிப் பாருங்கள்.

அவள் பதில் சொல்லுமுன்
கைத்துரப்பணம் பனியில் இறங்கும் சத்தம் கேட்டது,
கரகரவென்று,
நடுவில் ஒருமுறை சத்தம் மாறியது.